கியர் இடிக்குதா? தென்னாப்பிரிக்காவில் ஆட்டோமேட்டிக் கியர் வைத்த பழைய பஸ்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஃபீனிக்ஸிலிருந்து: நின்ற இடத்தில் நியூட்ரலிலிருந்து டிரைவுக்குத் தட்டினால் 'டொக்' என்று ஓர் அடி. ஓட ஆரம்பித்தபின் ஒன்றுமில்லை.

முதலில் ஐடில், அதாவது பெடலை மிதிக்காதபோது எஞ்சின் சுற்றும் வேகம், பாருங்கள். நிமிடத்துக்கு 600, 700 சுற்றில் நிற்க வேண்டிய எஞ்சினை, ஏசிக்காக யாராவது 900-க்கு ஏற்றி வைத்திருப்பார்கள். அது சரியாக இருந்தால் அடியில் போய், பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகி, ஜாயின்ட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஜாயின்ட் கப்பைச் சுற்றிச் செம்மண் பூசினாற்போலத் துருத்தூள் ஒட்டியிருந்தால், உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். எஞ்சினையும் பெட்டியையும் தாங்கும் மவுண்டிங் ரப்பரையும் பாருங்கள். வீலுக்குக் கட்டை வைக்காமல் அடியில் போகாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் வண்டியென்றால் சேசிஸுக்கு ஸ்டாண்டும் வேண்டும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, என் பஸ்ஸில் கியர் இடித்து விழுகிறது. என்ன செய்யலாம்?

எந்தக் கியர்? ஏறும்போதா, இறங்கும்போதா? காலை முதல் டிரிப்பிலா, சூடேறிய பிறகா? கியர்பெட்டி எந்தக் கம்பெனி, அலிசனா, வோய்த்தா, இசட்.எஃப்.பா? ஜோசியரே பிறந்த நேரம் கேட்டுத்தான் கட்டம் போடுவார். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

டோங்காட்டிலிருந்து: ஆயில் குறைவாகக் காட்டியது. பையன் காலையில் இரண்டு மூன்று லிட்டர் சிவப்பு ஆயில் ஊற்றி ஃபுல் செய்தான். அதற்குப் பிறகு முன்னைவிட மோசமாக உதறுகிறது.

எத்தனை தடவைதான் எழுதுவது! சிவப்பு என்பது வெறும் சாயம். பவர் ஸ்டீயரிங் ஆயிலும்தான் சிவப்பாக இருக்கிறது. கியர் மாறும்போது பெட்டிக்குள் கிளட்ச் தட்டு வழுக்கிப் பிடிக்கும் அந்தக் கணத்தின் குணம் ஆயிலில் கலந்திருக்கும் மருந்தைப் பொறுத்தது. அது மாறினால் மெல்லப் பிடிக்க வேண்டிய தட்டு வெடுக்கென்று கவ்வும். டெக்ஸ்ரான் 3 ரக ஆயில் போட்ட பெட்டி வேறு, டி.இ.எஸ். 295 ரக சிந்தெடிக் ஆயில் போட்ட பெட்டி வேறு. வோய்த்துக்கும் இசட்.எஃப்.புக்கும் தனித்தனிப் பட்டியல் உண்டு. பெட்டியின் மேல் உள்ள தகட்டைத் துடைத்து, என்ன மாடல் என்று படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அடுத்தது, காலையில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறே அங்கேதான். குளிர்ந்த நேரத்து அளவு, எஞ்சினை ஸ்டார்ட் செய்ய ஆயில் போதுமா என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். உண்மையான அளவு சூட்டில் பார்ப்பது: ஆயில் 70-லிருந்து 90 டிகிரிக்குள், சமதரை, நியூட்ரல், ஹேண்ட் பிரேக், எஞ்சின் ஐடிலில் ஓட வேண்டும். ஆயில் சூட்டில் உப்பும். காலையில் ஃபுல் செய்தது மத்தியானம் ஓவர்ஃபுல். சுழலும் பற்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் பிரஷர் நிற்காது. கிளட்ச் முதலில் வழுக்கும், பிறகு இடிக்கும். ஆயில் குறைந்தாலும் பம்ப் காற்றை உறிஞ்சி இதே நுரைதான், இதே இடிதான். அதனால்தான் இடியை வைத்துக் கூடுதலா குறைவா என்று ஊகிக்கக் கூடாது என்கிறேன்.

டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைக் காகிதத்தில் ஒரு சொட்டு வையுங்கள். கருத்துத் தீய்ந்த வாடை அடித்தால் தட்டு எரிகிறது. ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் ஆயிலை ஆற்றும் கூலர் ஓட்டை, ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. அந்தத் தண்ணீரில் கலந்திருக்கும் கூலன்ட்டின் கிளைக்கால் என்ற ரசாயனம் தட்டின் லைனிங் பசையைத் தின்றுவிடும். அங்கே ஆயில் மாற்றிப் பயனில்லை, பெட்டியைப் பிரிக்கத்தான் வேண்டும். உங்களுடையது அந்த நிலைக்குப் போகவில்லையென்றால் எல்லாவற்றையும் இறக்கி, ஃபில்டர் மாற்றி, சரியான ஆயில் போடுங்கள். கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) கூலரிலும் பழைய ஆயில் நிறைய தங்கிவிடும், ஒரே தடவையில் முழுக்க மாறாது. சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுங்கள். பையனைத் திட்ட வேண்டாம், அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: என் பெட்டி அலிசன் எம்.டி. (MT) 643 மாடல். எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பிறகு கியர் தாமதமாக விழுகிறது, விழும்போது முரடாகவும் விழுகிறது.

எஞ்சினை இறக்கியவர், பெடலை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்று பெட்டிக்குச் சொல்லும் மாடுலேட்டர் கேபிளைக் கழற்றி, திரும்ப மாட்டும்போது கண்ணளவில் மாட்டியிருப்பார். கால் லேசாக வைத்தாலும் முழுக்க மிதித்திருப்பதாகப் பெட்டி நினைக்கிறது. எஞ்சினை நிறுத்தி, ஒருவர் பெடலை அடிவரை மிதிக்க, இன்னொருவர் கேபிளைச் செட் செய்ய வேண்டும். அடியில் போகிறவருக்காக, கட்டை!

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து: டர்பனில் ஒழுங்காக ஓடிய வண்டி இங்கே மேடு வந்தால் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் ஊசலாடுகிறது.

நீங்கள் கடலோரத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் ஏறி வந்திருக்கிறீர்கள். டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் ஆறில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். மேட்டில் மூன்றையே பிடித்து வைத்து ஓட்டுங்கள். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். பெட்டியைத் தொடாதீர்கள்.

பைன்டவுனிலிருந்து: ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் டீசல் மிச்சமாகும் என்று டிரைவர் நியூட்ரலில் விடுகிறார். கீழே டிரைவ் போட்டதும் வண்டியே அதிர்கிறது.

அதிராமல் என்ன செய்யும்? சக்கரப் பக்கம் வேகமாகச் சுழல, எஞ்சின் பக்கம் ஐடிலில் கிடக்க, இரண்டையும் கிளட்ச் தட்டு ஒரே நொடியில் சேர்க்க வேண்டும். மிச்சம் பிடித்த டீசலைப் போல நூறு மடங்கு ரீபில்டுக்குப் போகும். அதுகூடப் பரவாயில்லை. நியூட்ரலில் எஞ்சின் பிரேக் கிடையாது, முழு பாரமும் ஃபுட் பிரேக்கில் விழும். 2013 செப்டம்பரில் அதே ஃபீல்ட்ஸ் ஹில்லில் பிரேக் பிடிக்காத லாரி வந்து மோதி இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலோர் மினிபஸ் டாக்ஸிகளில் இருந்தவர்கள். இறங்குமுன் மேலேயே கீழ்கியர் போட வேண்டும், ரிடார்டரையும் (ஃபுட் பிரேக் இல்லாமல் வேகத்தைக் குறைக்கும் கருவி) போட வேண்டும். கேட்காத டிரைவரை இறக்கிவிடுங்கள்.

வெருலத்திலிருந்து: கியர்பாக்ஸை இறக்கி ரீபில்ட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பெட்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்ணை, அதாவது கோட், படித்தார்களா? உங்களுடையது பட்டன் வைத்த அலிசன், மேல் அம்பு கீழ் அம்பு இரண்டையும் சேர்த்து இரண்டு தடவை அழுத்தினால் அதுவே சொல்லும். பேட்டரி வோல்டேஜ், சேசிஸ் எர்த், பெட்டிமேல் உள்ள பிளக்கில் ஈரம், பிறகு சூட்டில் ஆயில் அளவு. இத்தனையும் பார்த்து எழுதிக் கொடுத்த பட்டறைக்காரர் சொன்னால் இறக்குங்கள். பார்க்காமலே சொன்னவரிடம் வண்டியை விடாதீர்கள்.