ஊர் வீட்டுப் பழுதுபார்ப்பு: மேஸ்திரியிடம் விடுவதா, நானே வாங்குவதா?

கேள்வி: வணக்கம் ஐயா. தண்டையார்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு எண்ணூர்ப் பக்கம் வேலை. பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காடு போகும் வழியில் உள்ள எங்கள் கிராமத்தில் அப்பா கட்டிய தளம் போட்ட வீடு இப்போது என் பெயருக்கு வந்திருக்கிறது. மாடி ஒழுகுகிறது, சுவர்ப் பூச்சு உதிர்கிறது, குழாயும் வயரிங்கும் பழசு. மேஸ்திரி பொருளோடு சேர்த்து 2,60,000 ரூபாய் கேட்கிறார். கூலி மட்டும் என்றால் 1,10,000. அவருடைய மொத்தக் கணக்கில் பெயின்டும் குளியலறை டைல்ஸும் 95,000. என் சேமிப்பு 2,00,000. ஒரு சிமென்ட் மூட்டைகூட நான் வாங்கியதில்லை. போன வாரம் முக்கால் இஞ்ச் குழாய் வாங்கிப் போய், எதிலும் பொருந்தாமல் திரும்பக் கொண்டுவந்தேன். பாரிமுனையில் நானே வாங்கினால் மிச்சமாகுமா? பற்றாத பணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: கூலியை மேஸ்திரியிடம் பேசி முடியுங்கள், பொருளை நீங்களே வாங்குங்கள். ஆனால் எல்லாவற்றையும் பாரிமுனையில் வாங்காதீர்கள். கனமான பொருளை ஊருக்குப் பக்கத்திலும், கைப்பையில் அடங்குகிற விலை கூடிய பொருளைப் பட்டணத்திலும் வாங்குவதுதான் உங்களுக்குக் கட்டுப்படியாகும். சிமென்ட், மணல், செங்கல்லுக்கு மீஞ்சூர், பொன்னேரிக் கடைகளே போதும். மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைகிறது என்று இங்கிருந்து வண்டி வைத்தால் வாடகையும் ஏற்றுகூலி, இறக்குகூலியும் அந்த லாபத்தை விழுங்கிவிடும். குழாய் இணைப்புகள், வால்வுகள், கீல், தாழ்ப்பாள் ஆகியவற்றுக்குப் பாரிமுனையின் செம்புதாஸ் தெரு. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி மண்ணடியில் இறங்கினால் நடக்கிற தூரம்தான்.

உங்கள் முக்கால் இஞ்ச் குழாய்க்கு வருகிறேன். கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டிய அவசியமில்லை. வெந்நீருக்கும் போடுகிற மஞ்சள் கலந்த வெள்ளைச் சிபிவிசி குழாயில் முக்கால் இஞ்ச் என்றால் வெளி விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். வெள்ளை யூபிவிசியில் அதே முக்கால் இஞ்ச் ஏறத்தாழ 27 மில்லிமீட்டர். தோட்டத்துக்குப் போடும் சாம்பல் நிறப் பிவிசி குழாயோ வெளி விட்டத்தை வைத்தே 20, 25, 32 மில்லிமீட்டர் என்று விற்கப்படுகிறது. ஒன்றின் எல்போ (வளைவு இணைப்பு) மற்றொன்றில் நிற்காது, ஒட்டும் பசையும் வேறு. பழைய குழாயில் ஒரு சாண் துண்டை அறுத்துக் கையோடு கொண்டுபோங்கள். துண்டைக் கவுன்ட்டரில் வைத்துவிட்டால் பேச்சே தேவையில்லை.

பழக்கமில்லாதவர்களின் பணம் விலையில் போவதைவிட அளவில்தான் அதிகம் போகிறது. "பூச்சுக்குப் பத்து மூட்டை சொல்லிவிடுங்கள்" என்று மேஸ்திரி சொன்னால், எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். ஒரு பங்கு சிமென்டுக்கு ஐந்து பங்கு மணல் என்ற கலவையில் 12 மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச, 100 சதுர அடிக்கு ஏறத்தாழ முக்கால் மூட்டை சிமென்டும் 5 கன அடி மணலும் பிடிக்கும். 400 சதுர அடிக்கு, சேதாரத்தோடு சேர்த்து நான்கு மூட்டை. மணல் 20 கன அடிதான். லாரிக்காரர் ஒரு யூனிட், அதாவது 100 கன அடி, கொட்டிவிட்டுப் போனால் மீதி மழையில் கரையும். சிறிய வண்டியிலோ மூட்டையிலோ கேளுங்கள், பூச்சுக்குப் பி-சாண்ட் (பூச்சு வேலைக்கென்று கல்லை அரைத்த மணல்) என்று சொல்லிக் கேளுங்கள். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகியிருக்கிறது. மேஸ்திரி பழைய விலையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் அங்கேயே கொஞ்சம் குறையும்.

"பில் வேண்டாமென்றால் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். சல்லடைக்கும் கரண்டிக்கும் சரி; வயர், சுவிட்ச், மோட்டாருக்குப் பில் இல்லாமல் வாங்காதீர்கள். வயர் சுருளில் அச்சிட்ட விலை பெயருக்குத்தான், அதிலிருந்து கணிசமாகக் கழித்துத் தருவது வழக்கம். எவ்வளவு கழிவு என்பதை இரண்டு மூன்று கடைகளில் கேட்டு ஒப்பிடுங்கள். விளக்குக்கு 1.5, பிளக் பாயின்ட்டுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி. ஐஎஸ்ஐ முத்திரையின் கீழுள்ள உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் என்ற கைபேசிச் செயலியில் தட்டினால் அசலா என்று தெரிந்துவிடும்.

உங்கள் ஊருக்கு உப்புக்காற்று உண்டு. சாதா இரும்புக் கீலும் திருகாணியும் சீக்கிரமே துருப்பிடிக்கும், துருப்பிடிக்காத எஃகில் வாங்குங்கள். தளத்தின் அடிப்புறம் பெயர்ந்து கம்பி தெரிகிறதா என்பதையும் பாருங்கள். தெரிந்தால் முதலில் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள். துருவைச் சுரண்டாமல் மேலே பூசினால் அந்தப் பூச்சு மறுபடி விழும், இரண்டு செலவு.

மேஸ்திரி "நம்ம கடை" என்று ஒன்றைச் சொல்வார். அதில் அவருக்குக் கமிஷன் இருக்கலாம், பெயின்ட் டப்பாவுக்குள் வேலைக்காரருக்குப் பணமாகும் டோக்கன் வருவதும் ஊரறிந்ததுதான். அதற்காக அவரோடு மனத்தாங்கல் வேண்டாம். பட்டியலை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள், கடையை நீங்கள் தேர்ந்தெடுங்கள். கூலியை முடிந்த வேலைக்கு ஏற்ப சனிக்கிழமை தோறும் கொடுங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும்.

நகையைத் தொட வேண்டாம். பெயின்டையும் டைல்ஸையும் தள்ளிவைத்தால் 2,60,000 உடனே 1,65,000 ஆகிறது. புதுப் பூச்சு நன்றாகக் காயாமல் பெயின்ட் அடிக்கவும் கூடாது. ஐப்பசி மழைக்கு முன் மாடி, பிறகு வயரிங், குழாய், பூச்சு என்ற வரிசையில் போங்கள். உங்கள் சேமிப்பில் மீதியாகும் 35,000-ஐ, சுவரையும் தளத்தையும் உடைத்துப் பார்த்தால்தான் தெரிகிற செலவுகளுக்காக வங்கியிலேயே விடுங்கள். பெயின்டும் டைல்ஸும் பொங்கலுக்குப் பிறகு, மாதச் சம்பளத்தில் சேர்த்துச் செய்யலாம். அப்போதும் பற்றாவிட்டால் அடகுக் கடைக்குப் போகாமல் வங்கியில் நகைக்கடன் கேளுங்கள். வீட்டுப் பழுதுக் கடன் வாங்கினால் வட்டியில் ஆண்டுக்கு 30,000 வரை வருமான வரிக் கழிவு உண்டு என்று யாராவது சொல்வார்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.