கார் இல்லாமல் ஐந்து வாரம்: கொல்மாரில் தங்குங்கள்

செப்டம்பரில் அம்மாவோடு ஐந்து வாரம், கார் ஓட்ட மாட்டேன், பிரான்ஸின் போர்தோ சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள். என் யோசனை அதே நாட்டின் கிழக்கில் இருக்கும் அல்சாஸ் பகுதி. அங்கே கொல்மார் என்ற ஊரில் வீடு எடுங்கள். அப்பகுதியின் பெரிய நகரமான ஸ்ட்ராஸ்பூர் ரயிலில் அரைமணி நேரம்தான். எகிஷைம் கிராமம் ஏழு கிலோமீட்டருக்குள். வட்டவட்டமாகச் சுற்றும் கல்தெருக்கள், ஊர் முடிந்ததுமே திராட்சைக் கொடிகள். அறுவடை நேரத்தில் கூடை கூடையாகப் பழம் இறங்குவதை அம்மா அருகிலிருந்தே பார்க்கலாம்!

விடுமுறை வீடுகளைப் பெரும்பாலும் சனிக்கு சனி வாரக்கணக்கில்தான் விடுவார்கள். ஐந்து வாரத்துக்கும் சேர்த்து விலை பேசுங்கள், கட்டாயம் பேசுங்கள். சமையலறை இருக்கட்டும். ஞாயிறு கடைகள் அநேகமாக மூடியிருக்கும். காய்கறியை சனிக்கிழமையே லோஷ் ஆற்றோரத்து மூடுசந்தையில் வாங்கிவிடுங்கள். ஷெங்கன் விசாவில் (பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.