நேர்காணலுக்குப் பயந்து கூடலூரை விட்டுவிடாதீர்கள்

நீலகிரி கூடலூரிலிருந்து கேட்டவருக்கு: சமாதானம், நல்லிணக்கத் துறையில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள், ஆனால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்கள் பற்றிய உங்கள் ஆய்வை "உங்கள் மலையில் எங்கே போர் நடந்தது?" என்று தள்ளிவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். பயம் வேண்டாம், அதையே முன்னால் வையுங்கள்.

இந்தத் துறை போரோடு நின்றுவிடுவதில்லை. துப்பாக்கி ஓய்ந்தால் மட்டும் அமைதி இல்லை, அநீதியும் நீங்க வேண்டும் என்று நார்வே நாட்டு அமைதி ஆய்வாளர் யோகான் கால்டுங் எப்போதோ பிரித்துக் காட்டிவிட்டார். 1973-ல் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையின் முதல் பேராசிரியரான ஆடம் கர்ல், நைஜீரிய உள்நாட்டுப் போரில் இரண்டு பக்கமும் போய்ப் பேசியவர், அதனால் நீங்கள் தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளில் உட்கார்ந்து பேசிய நாட்களைத் தயங்காமல் எழுதுங்கள்.

இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்த மக்களிடம் யார் கேட்டார்கள்? கோத்தகிரிப் பக்கம் ஒரு பாட்டி தகரப் பெட்டியைத் திறந்து, பாலிதீன் பைக்குள் நான்காய் மடித்திருந்த பழைய காகிதங்களை என் மடியில் வைத்தார். அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி என்றார், அவ்வளவுதான். அந்தக் காகிதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம், யாருக்கும் யாருக்கும் இடையே நல்லிணக்கம் என்று கட்டாயம் கேட்பார்கள். தோட்டத் தொழிலாளர்களோடு நிறுத்தாமல், காட்டை இழந்த பணியர் பழங்குடிகளையும், கூடலூரில் ஜென்மிகள் என்ற நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழிக்க வந்த 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை அனுப்பும் முன் இங்கே போடுங்கள், வரி வரியாகப் பார்த்துத் தருகிறேன்.