எட்டு வயதுப் பையனுக்குத் துப்பாக்கி கேம் கொடுக்கலாமா?

அமெரிக்கா வந்து சில மாதம்தான் ஆகிறது, மூன்றாம் வகுப்பில் சேர்ந்த பையன் ஃபோர்ட்நைட்டும் கால் ஆஃப் டூட்டியும் வேண்டும் என்று தினமும் நச்சரிக்கிறான், வகுப்பில் எல்லோரும் விளையாடுகிறார்கள் என்கிறான், வீட்டுக்காரரோ "விளையாடட்டும் விடு, அப்போதுதான் இங்கே நண்பர்கள் கிடைப்பார்கள்" என்கிறார், வீட்டில் ஐந்து வயது மகளும் இருக்கிறாள், என்ன செய்யட்டும் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பையன்களை இந்த நாட்டில் வளர்த்தவள் என்பதால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கால் ஆஃப் டூட்டி இந்த வயதில் கூடவே கூடாது. ஃபோர்ட்நைட்டை இன்னும் சில வருஷம் தள்ளிப் போடுங்கள். ஆனால் கேம் என்ற பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிடாதீர்கள்.

"எல்லோரும் விளையாடுகிறார்கள்" என்பதை முதலில் பார்ப்போம். புதிதாக வந்த அம்மா அப்பாவிடம் இந்த வாக்கியம் நன்றாகவே செல்லுபடியாகும். இந்த ஊர் நடைமுறை நமக்குத் தெரியாது என்பது பிள்ளைக்குத் தெரியும். அவன் பொய் சொல்கிறான் என்று நான் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் பேசும் நான்கு பேர்தான் அவனுக்கு "எல்லோரும்". அந்த நான்கு பேரின் அம்மாக்களுக்கும் ஒரு மெசேஜ் போட்டு, "உங்கள் வீட்டில் என்ன கேம் விளையாட விடுகிறீர்கள், எவ்வளவு நேரம்?" என்று கேளுங்கள். இங்கே இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நான் கேட்டபோதெல்லாம் பாதிப் பேர் "நாங்களும் விடுவதில்லை, எங்கள் பையனும் உங்கள் பையன் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறான்" என்றார்கள்.

அடுத்தது அட்டையில் இருக்கும் எழுத்து. 1994-லிருந்து இங்கே ஈ.எஸ்.ஆர்.பி. என்ற அமைப்பு ஒவ்வொரு கேமுக்கும் வயது போடுகிறது. 'ஈ' என்றால் எல்லோருக்கும், 'ஈ 10 பிளஸ்' பத்து வயதுக்கு மேல், 'டி' பதின்மூன்றுக்கு மேல், 'எம்' பதினேழுக்கு மேல். கால் ஆஃப் டூட்டி 'எம்', கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 'எம்', ஃபோர்ட்நைட் 'டி', மைன்கிராஃப்ட் 'ஈ 10 பிளஸ்'. நம்மில் பலர் இதை சினிமாவுக்குக் கொடுக்கும் 'ஏ' சான்றிதழ் மாதிரி சட்டம் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. வன்முறை கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பேச்சுரிமைக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் அதைத் தள்ளிவிட்டது. பெரிய கடைகளில் 'எம்' கேம் வாங்க வரும் பையனிடம் வயதுச் சான்று கேட்பது கடைகளே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. அதுவும் இப்போது பல கேம்களை இலவசமாக டவுன்லோட் செய்துகொள்ளலாம், நடுவில் கடைக்காரரே கிடையாது. இந்த விஷயத்தில் அரசாங்கம் உங்களுக்காகக் கதவில் நிற்காது. நிற்க வேண்டியது நீங்கள்தான்.

அந்த எழுத்துகூடக் கேமுக்குள் இருக்கும் காட்சிகளுக்குத்தான். ஆன்லைனில் ஹெட்செட் வழியாக வரும் பேச்சுக்கு யாரும் வயது போடுவதில்லை. 'யூசர்ஸ் இன்டராக்ட்' என்று ஒரு சின்ன வரி இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் திரையில் தெரியும் ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது காதுக்குள் வரும் குரலைப் பார்த்து. ஃபோர்ட்நைட்டில் ரத்தமே வராது; சுடப்பட்டவனை ஒரு டிரோன் வந்து ஒளியாக மாற்றிக் கொண்டுபோய்விடும். பார்ப்பதற்குப் பொம்மைப் படம் போல இருக்கும். என் சின்னவன் ஆறாம் வகுப்பில் அதை விளையாட ஆரம்பித்தபோது ஹெட்செட் கொடுக்காமல் டிவி ஸ்பீக்கரிலேயே சத்தம் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவன் பள்ளி நண்பன் தன் அண்ணனின் தெரிந்தவர் என்று யாரையோ ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டான். திடீரென்று முழு ஆண் குரல், முப்பது வயதாவது இருக்கும். முதலில் இரண்டு கெட்ட வார்த்தை. அப்புறம் மிகவும் அன்பாக, "எந்த ஸ்கூல் நீ? வீட்டில் வேற யாரு இருக்காங்க?" நான் கன்ட்ரோலரை வாங்கி ஆட்டத்தை விட்டு வெளியே வந்தேன். அந்த ஆள் கெட்டவராகவே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பதினொரு வயதுப் பையனிடம் முகம் தெரியாத பெரியவர் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் வீட்டு மனுஷர் ஒருவர் இருந்தாக வேண்டும்.

இது என் தனிப்பட்ட பயம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 13 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டியதாகவும், குரல் அரட்டையும் எழுத்து அரட்டையும் தானாகவே இயங்கும்படி வைத்திருந்ததாகவும், பிள்ளைகள் தெரியாமல் பொத்தானை அழுத்திப் பணம் செலவழிக்கும்படி வடிவமைத்ததாகவும் ஃபோர்ட்நைட் கேமின் நிறுவனமான எபிக் கேம்ஸ் மீது, நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. 2022 டிசம்பரில் அந்த நிறுவனம் மொத்தம் 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகு சிறுவர் கணக்குகளில் அரட்டை பெற்றோர் அனுமதித்தால்தான் திறக்கும். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால் கணக்கு தொடங்கும்போது பிறந்த வருஷத்தை உண்மையாகப் போட்டிருக்க வேண்டும். வகுப்புத் தோழன் சொல்லிக்கொடுத்துப் பிள்ளையே 2001 என்று போட்டுவிட்டால் எல்லாப் பூட்டும் திறந்த பூட்டுதான். அதனால் கணக்கை நீங்களே உட்கார்ந்து தொடங்குங்கள்.

சரி, "இதை விளையாடினால் பையன் முரடனாகிவிடுவானா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆராய்ச்சியாளர்களே ஒரே குரலில் பேசுவதில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020-ல் சொன்னது இதுதான்: கத்துவது, தள்ளிவிடுவது போன்ற ஆக்ரோஷத்தோடு வன்முறை கேமுக்குச் சின்ன அளவில் தொடர்பு தெரிகிறது, ஆனால் கொலை, துப்பாக்கிச் சூடு போன்றவற்றுக்கு கேமைக் காரணம் காட்ட ஆதாரம் போதாது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-ல் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் அந்தச் சின்னத் தொடர்பும் தெரியவில்லை. ஆக, கேம் விளையாடினால் பிள்ளை கொலைகாரனாவான் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மிரள வேண்டாம். ஆனால் இவை பெரும்பாலும் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றிய பேச்சு. குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016-ல் ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களைத் திரை வன்முறை எல்லாவற்றிலிருந்தும் காக்க வேண்டும் என்றது, நிஜம் எது கற்பனை எது என்று அந்த வயதில் பிரித்துப் பார்க்க முடியாது என்பதால். உங்கள் மகள் அந்த வயதில்தான் இருக்கிறாள். அண்ணன் விளையாடும்போது சோபாவில் பக்கத்தில் இருக்கப்போவதும் அவள்தான்.

இன்னொரு ஆய்வு என்னை மிகவும் யோசிக்க வைத்தது, ஏனென்றால் அது இந்த நாட்டுக்கே உரிய கவலையைத் தொடுகிறது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகள் இருநூற்றுச் சொச்சம் பேரை மைன்கிராஃப்ட் ஆட வைத்தார்கள். சிலருக்குத் துப்பாக்கியோடு, சிலருக்கு வாளோடு, சிலருக்கு ஆயுதமே இல்லாமல். அப்புறம் அவர்களை விட்ட விளையாட்டு அறையில் ஒரு அலமாரிக்குள் சுட முடியாதபடி செய்த நிஜக் கைத்துப்பாக்கிகளை வைத்திருந்தார்கள். அதைக் கண்டெடுத்த பிள்ளைகளுக்குள், துப்பாக்கி கேம் ஆடியவர்களில் சுமார் 62 சதவீதம் பேர் அதைத் தொட்டுப் பார்த்தார்கள். ஆயுதம் இல்லாமல் ஆடியவர்களில் 44 சதவீதம். 2019-ல் வெளியானது இது. எனக்கு இரண்டாவது எண்ணும் உறுத்துகிறது. இங்கே நிறைய வீடுகளில் நிஜத் துப்பாக்கி இருக்கிறது. பையன் விளையாடப் போகும் வீட்டில் "துப்பாக்கி இருக்கிறதா, பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். கேளுங்கள் என்று குழந்தை மருத்துவர்களே சொல்கிறார்கள். முதல் தடவை நாக்கு எழவே எழாது. ஒவ்வாமை பற்றியும் நீச்சல் குளம் பற்றியும் பேசும்போது அதோடு சேர்த்துக் கேட்டுவிட்டால் சுலபம்.

இப்போது பள்ளிக்கூடம். புதிதாக வருகிறவர்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 1999-ல் கொலம்பைன், 2012-ல் சாண்டி ஹுக், 2022-ல் யுவால்டே என்று பள்ளிக்குள் பிள்ளைகள் சுடப்பட்ட நாடு இது. உங்கள் பையனும் சீக்கிரமே லாக்டவுன் பயிற்சியில் கலந்துகொள்வான். விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, மூலையில் சத்தம் காட்டாமல் உட்கார வைப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை "நாளைக்கு உன்னைச் சுட்டுவிடுவேன்" என்றால், கேமைப் பற்றித்தான் சொல்கிறான் என்று தெரிந்தாலும், ஆசிரியர் அதைக் கேட்காத மாதிரி இருக்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், உங்களைப் போலவே வந்து சில மாதம். பையன் கணக்குத் தாளின் பின்பக்கம் ஒரு துப்பாக்கி வரைந்திருந்தான், மேலே தொலைநோக்கியோடு, மிக அழகாக. பக்கத்தில் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேர் பெயர். அதில் இரண்டு பெயர் மீது பெருக்கல் குறி. முந்தின நாள் ராத்திரி ஆட்டத்தில் யார் யார் அவுட் ஆனார்கள் என்ற கணக்கு அது. அந்தத் தாளைக் கையில் வாங்கிய ஆசிரியை இடத்தில் நான் இருந்தாலும் எனக்குக் கை நடுங்கியிருக்கும். அன்றே அம்மா அப்பாவைக் கூப்பிட்டார்கள். முதல்வர் அறையில் பள்ளியின் மனநல ஆலோசகரான கவுன்சிலரும் இருந்தார். வீட்டில் ஆயுதம் இருக்கிறதா, பையன் யார் மீதாவது கோபமாக இருக்கிறானா, ராத்திரி தூங்குகிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், விஷயமும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆங்கிலம் இன்னும் முழுசாகக் கைவராத அந்தப் பிள்ளைக்குத் தான் என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. விளையாட்டில் கற்ற ஆங்கிலம்தான் அவனுக்குச் சரளமாக வந்த ஆங்கிலம்.

அதனால் எந்த கேம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இன்றைக்கே பையனிடம் பேசுங்கள். சுடுவது, கொல்லுவது, வெடிப்பது பற்றிய பேச்சு பள்ளியிலும் பள்ளி பஸ்ஸிலும் வேண்டாம், வேடிக்கைக்குக்கூட வேண்டாம். விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டக் கூடாது. பையில் பொம்மைத் துப்பாக்கி போகவே கூடாது. வெளியே பூங்காவிலும் நிஜம் போலத் தெரியும் பொம்மைத் துப்பாக்கி வேண்டாம். 2014-ல் கிளீவ்லாந்தில் அப்படி ஒன்றை வைத்திருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் டமீர் ரைஸை போலீஸ் சுட்டதில் அவன் இறந்துபோனான். நம் பிள்ளைகள் இங்கே வெள்ளைத் தோல் பிள்ளைகள் இல்லை. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, நீங்கள் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஊரையும் சித்தி பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்த பையனுக்கு, பேச ஒரு பொது விஷயம் வேண்டும். கேம் அதைத் தருகிறது, கிரிக்கெட் இங்கே தராது. அதனால் வேறொன்றைக் கையில் கொடுங்கள். மைன்கிராஃப்ட்டில், சண்டை போடாமல் கட்டி விளையாடும் கிரியேட்டிவ் முறையில், தெரிந்த நண்பர்கள் மட்டும் நுழையும்படி வைத்துக் கொடுக்கலாம். சுட்டே ஆக வேண்டும் என்றால் ஸ்ப்ளாட்டூன் இருக்கிறது, அதில் மையை அடித்துத் தரையை நிறம் மாற்றுவதுதான் ஆட்டம். மரியோ கார்ட் என்றால் இரண்டு பையன்களை வீட்டுக்கே கூப்பிடலாம், ஒரே சோபாவில் நான்கு பேர் ஆடலாம், உங்கள் மகளும் சேர்ந்துகொள்வாள். நட்பு என்று பார்த்தால் ஹெட்செட்டில் கிடைப்பதைவிட அந்த சோபாவில் கிடைப்பது கெட்டி.

கேம் பெட்டியை ஹாலில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம். ஆன்லைன் ஆட்டத்தை நடுவில் நிறுத்தி வைக்க முடியாது. இது தெரியாமல்தான் பல வீடுகளில் தினமும் சண்டை. "இப்பவே அணை" என்றால் அவன் தன் அணியை நடுத்தெருவில் விட்டுவிட்டு வர வேண்டும். "இந்த ஆட்டம் முடிந்ததும் அணை" என்றால் அழாமல் வருவான். யூடியூபையும் கவனியுங்கள். நீங்கள் மறுத்த 'எம்' கேமை வேறொருவர் விளையாடுவதை அவன் அங்கே முழுசாகப் பார்த்துவிட முடியும்.

கடைசியாக நம் ஆட்களின் வார இறுதிக் கூடல்கள். பெரியவர்கள் மேலே பேசிக்கொண்டிருப்போம், பேஸ்மென்ட்டில் பதினாறு வயதுப் பையன்கள் கால் ஆஃப் டூட்டி ஆடிக்கொண்டிருப்பார்கள், சின்னதுகள் எல்லாம் பின்னால் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். வீட்டில் போட்ட விதி எல்லாம் அங்கே ஒரே ராத்திரியில் போய்விடும். போனதும் ஒரு தடவை கீழே இறங்கிப் பாருங்கள். அந்தப் பெரிய பையன்களிடமே, "தம்பி, சின்னவங்க இருக்கிற வரைக்கும் வேற கேம் போடுப்பா" என்று சொல்லுங்கள். நான் சொல்லி இதுவரை எந்தப் பையனும் மறுத்ததில்லை. உங்கள் மகளை மட்டும் கையோடு மேலே கூட்டிவந்துவிடுங்கள்.