படம் விழுகிறது, படலம் ஏன் கழன்றுபோகிறது?

மின்சுற்றுப் பலகை செய்வதற்காக, ஒளியுணர் படலம் ஒட்டிய செப்புப் பலகையில் பழைய புரொஜெக்டரால் மின்சுற்றின் படத்தைத் தெளிவாக விழுத்தி அரை மணி நேரம் வைத்திருந்தும், சலவைச் சோடாக் கரைசலில் இட்டவுடன் அந்தப் படலம் முழுவதும் கழன்றுவிடுவதாகவும், இன்னும் பிரகாசமான கருவியை வாங்கவேண்டுமா என்றும் திருகோணமலை உவர்மலை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வாங்க வேண்டாம். அந்த நீலப் படலம் ஒளிபட்ட இடத்தில் இறுகி நிற்கும், மற்ற இடத்தில் சோடாவில் கழன்றுவிடும். அது இறுகுவதற்குப் புற ஊதாவும் (யூவி) அதையொட்டிய ஊதா ஒளியும், ஏறத்தாழ 350 முதல் 410 நனோமீற்றர் வரை, தேவை. உங்கள் கருவியின் பாதரச விளக்கு அதைத் தரத்தான் செய்கிறது. ஆனால் உட்பாகங்களைக் காப்பதற்காக விளக்கின் முன் வைத்திருக்கும் வடிகண்ணாடி அதைத் தடுத்துவிடுகிறது. கண்ணாடியைக் கழற்றி அதே விளக்கை எரிக்க முயலாதீர்கள்: அது உயர் அழுத்தக் குமிழ், பற்றவைக்கும் சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ற்று பாயும், கண்ணுக்கும் கேடு. விளக்கின் இடத்தில் 405 நனோமீற்றர் எல்ஈடி ஒன்றை சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டுடன் பொருத்துங்கள். விளக்கு எரிவதாகக் கருவியை நம்பவைக்கும் இணைப்பை அனுபவமுள்ளவரிடம் செய்விக்கவேண்டும். ஒளிக்குச் சிவப்பு, பச்சை, நீல நிறங்களை மாறிமாறித் தரும் வண்ணச் சக்கரத்தை ஒளிப்பாதையிலிருந்து விலக்கினாலும் சுழலவிடுங்கள்; சுழற்சி நின்றால் கருவியும் நின்றுவிடும்.

இவையெல்லாம் நுண்ணிய ஆடிகள் நிறைந்த சில்லால் ஒளியைத் தெறிக்கவைத்துப் படம் காட்டும் டிஎல்பி கருவிக்கு மட்டுமே பொருந்தும். எல்சிடி வகையில் ஒளி கடக்கும் திரவப்படிகத் தகடுகளும், ஒளியின் அதிர்வை ஒரே திசைக்கு ஒழுங்குபடுத்தும் முனைவாக்கிகளும் புற ஊதாவை உறிஞ்சிப் பழுதடையும். எவ்வளவு பாடுபட்டாலும் அது உதவாது. பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு விற்பவர்கள் இருப்பதால், எந்த மாற்றமும் செய்யுமுன் வெள்ளைப் படத்தை விழுத்தி, வில்லையின் முன் விரல்களை வேகமாக அசைத்துப் பாருங்கள். விரல் நிழலின் ஓரங்களில் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாகத் தெரிந்தால் அது சக்கரமுள்ள டிஎல்பி. தெரியாவிட்டால் கையை வைக்காதீர்கள்.

'யூவிக்கு மாற்றியது' என்று கூடுதல் விலைக்குத் தரகர் ஒருவர் விற்ற கருவியை என்னிடம் திறந்து பார்க்கக் கொண்டுவந்தார்கள். வடிகண்ணாடி அப்படியே இருந்தது. திறந்து காட்டாதவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பாடசாலைகளும் அலுவலகங்களும் ஒதுக்கிய கருவிகள் களஞ்சியத்தில் ஆண்டுக்கணக்காகத் தூசி படிந்து, பின்னர் ஏலத்தில் மொத்தமாகத் தரகர் கைக்கே போகின்றன. தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளிடம் நேரே கொடுப்பதற்கு என்ன தடையென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

படத்தில் செப்புத் தடங்கள் வெள்ளையாகவும் மற்றவை கறுப்பாகவும் இருக்கட்டும். 1024 புள்ளி அகலமுள்ள கருவியில் 10 சென்ரிமீற்றர் பலகைக்கு ஒரு புள்ளி ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர், ஆகவே தடங்களை 0.3 மில்லிமீற்றருக்குக் குறைக்காதீர்கள். சோடா, லீற்றருக்கு 10 கிராம் போதும்.