கேள்வி – பதில்: தீவில் தங்கியவர்கள்

கேள்வி: கொரோனாக் காலத்தில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் தங்கிவிட்ட வெளிநாட்டவர் சொர்க்கத்தில் இருந்ததாகச் சிலர் பேசுகிறார்களே, உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: மாதந்தோறும் ஓய்வூதியம் வந்தவர்களுக்கு ஓரளவு உண்மை. 2020 ஏப்ரலில் அந்நாட்டு அரசு வெளிநாட்டுப் பயணிகள் விமானங்களுக்குத் தடை விதித்து, இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை ஊரடங்கையும் அறிவித்தது. புக்கெட்டில் விமான நிலையத்தோடு கடற்கரைகளும் மூடப்பட்டதால், கடலோரத்தில் குடியிருந்தும் மணலில் கால்வைக்க முடியாத நிலை ஜூன் வரை நீடித்தது. மது விற்பனைக்கும் சில வாரங்கள் தடை இருந்தது. சிலருக்கு அதுவே பெருந்துயரம்! விசா முடிந்தவர்களுக்கு அவ்வாண்டு செப்டம்பர் 26 வரை சலுகை கிடைத்தது.

ஆனால், ஆழ்கடல் நீச்சல் பயிற்சி, விடுதி, உணவகம் என்று சுற்றுலாவையே நம்பியிருந்தவர்கள், வேலை போனால் வேலை அனுமதியும் அதைச் சார்ந்த தங்கும் உரிமையும் போய்விடுமே என்ற கவலையில் நாள்களைக் கடத்தினார்கள். மியான்மரிலிருந்து பிழைக்க வந்த கட்டுமான, விடுதித் தொழிலாளர்களும் வெளிநாட்டவர்தாம். சொர்க்கம் பற்றிப் பேசுபவர்கள் அவர்களைக் கணக்கில் எடுப்பதேயில்லை. தடுப்பூசி போட்ட பயணிகளை விடுதியறையில் அடைத்துவைக்காமல் அனுமதிக்கும் ‘புக்கெட் சாண்ட்பாக்ஸ்’ திட்டம் 2021 ஜூலை 1 அன்று தொடங்கிய பிறகு கடைகள் சில திறந்தன. மதுக்கூடங்கள் மேலும் காத்திருக்க வேண்டியிருந்தது.