டைமிங் பெல்ட்டை வீட்டில் மாற்றுவது: கேள்வி பதில்

டைமிங் பெல்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த முறை பதில். எனக்கு நன்றாகத் தெரிந்த எஞ்சின்களுக்கு விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றுக்குச் சுருக்கமாக. எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: புது பெல்ட் மாட்டியதும் கிராங்க்கை (பிஸ்டன்கள் சுற்றும் கீழ்த் தண்டு) ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றாமல் சாவியில் கை வைக்காதீர்கள்.

சேலம்: அண்ணே, 2009 சான்ட்ரோ ஜிங் வாங்கியிருக்கிறேன். பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்று பழைய ஓனருக்கே தெரியவில்லை. வீட்டில் செய்யலாமா?

செய்யலாம் தம்பி. பழகுவதற்கு நல்ல எஞ்சின். ஒற்றை கேம் (வால்வுகளைத் திறக்கும் மேல் தண்டு), ஒரே பெல்ட். ஆனால் எப்போது மாற்றியது என்றே தெரியாத பெல்ட்டோடு நெடுந்தூரம் போகாதீர்கள்.

பெல்ட் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அதனால்தான் மேலே உள்ள பல்சக்கரத்தில் கீழே உள்ளதைவிட இரண்டு மடங்கு பல். கீழே 20 பல் என்றால் ஒரு பல் பிசகுவது கிராங்க்கில் 18 டிகிரி பிசகு. பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் மேலே வந்துகொண்டே இருக்கும், திறந்து நிற்கும் வால்வை இடித்து வளைக்கும். அப்புறம் வால்வுகள் இருக்கும் மேல் பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான்.

வேலைக்கு வருவோம். சமதரையில் நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். வலது முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு வண்டியை ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையோ தலையோ போகக்கூடாது. பெல்ட் பக்கம் எஞ்சினைத் தாங்கும் மவுண்டைக் கழற்றும்போது எஞ்சின் தொங்கும், அதனால் ஆயில் சம்ப்புக்கு (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கீழே பலகை வைத்து இன்னொரு ஜாக்கியால் தாங்குங்கள். பலகை இல்லாமல் தூக்கினால் சம்ப் நசுங்கும்.

ஆல்டர்னேட்டர் பெல்ட், கிராங்க் புல்லி, பிளாஸ்டிக் கவர்கள் எல்லாம் வந்த பிறகு, பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்பே முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்புக்கு, அதாவது உச்சிக்கு, கொண்டு வந்து மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் உள்ள கம்பெனிக் குறிகளை எஞ்சினில் உள்ள குறிகளோடு சேருங்கள். குறிகளைத் துணியால் துடைத்து, செல்போனில் படம் எடுத்து வையுங்கள். துருவும் ஆயிலும் படிந்து குறி மறைந்திருக்கும், பக்கத்தில் இருக்கும் சாதாரணக் கீறலைக் குறி என்று நினைத்துவிடுவார்கள். பெல்ட்டை எடுத்ததும் வால்வு ஸ்பிரிங் தள்ளி கேம் சக்கரம் சட்டென்று கொஞ்சம் நகரலாம். பயப்படாமல் மெதுவாகத் திருப்பிக் குறிக்குக் கொண்டு வாருங்கள். எங்காவது தடுத்தால் பலம் போடாதீர்கள், கிராங்க்கைக் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்னால் திருப்பி பிஸ்டன்களை இறக்கிவிட்டு, கேமைச் சரிசெய்து, மறுபடி கிராங்க்கைக் குறிக்குக் கொண்டு வாருங்கள்.

புது பெல்ட்டைக் கீழே கிராங்க்கில் மாட்டி, டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் சக்கரம்) இல்லாத பக்கத்தை விறைப்பாக மேலே கொண்டுபோய் கேமில் ஏற்றி, தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வரும்படி விடுங்கள். டென்ஷனரை ஸ்பிரிங் இழுக்க விட்டு, அதன் போல்ட்டை மேனுவல் சொல்லும் அளவில் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து முறுக்குங்கள். பிறகு கையால் இரண்டு சுற்று. மறுபடி குறிகளைப் பாருங்கள். அரைப் பல் தள்ளி நிற்கிறது, "பரவாயில்லை" என்று தோன்றும். பரவாயில்லை கிடையாது, கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

பெல்ட்டை மட்டும் வாங்காதீர்கள், டென்ஷனரும் சேர்த்து வாங்குங்கள். பழைய டென்ஷனர் சக்கரத்தை விரலால் சுண்டிப் பாருங்கள். நல்ல பேரிங் கிரீஸ் பிடித்து மெதுவாகச் சுற்றி உடனே நிற்கும். தேய்ந்தது சரசரவென்று ஓசையோடு நெடுநேரம் சுற்றும். அது சிக்கினால் புது பெல்ட்டும் போய்விடும்.

மதுரை: சுவிஃப்ட் டீசல் 1.3, பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்றுவது?

அதில் பெல்ட் இல்லை, செயின். ஆயிலைச் சரியான நேரத்தில் மாற்றுங்கள்.

ஈரோடு: கவரைத் திறந்து பார்த்தேன், பெல்ட்டில் ஒரு விரிசலும் இல்லை. இன்னும் ஓட்டலாம்தானே?

இப்போது வரும் பெல்ட்டுகள் விரிசல் காட்டாமலே பழுதாகும். ரப்பருக்குள் இருக்கும் இழைகள் களைத்துப் போவது வெளியே தெரியாது. கிலோமீட்டர், வருடம் இரண்டையும் மேனுவல் சொல்லும், எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. ஆயிலோ கூலன்ட்டோ பட்ட பெல்ட் என்றால் கணக்கே பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள். கசிவை நிறுத்திவிட்டு மாற்றுங்கள்.

திருநெல்வேலி: டஸ்டர் டீசல். வாட்டர் பம்ப்பையும் மாற்றச் சொல்கிறார்கள். காசு பிடுங்குகிறார்களா?

இல்லை, சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த 1.5 எஞ்சினில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதே டைமிங் பெல்ட்தான். ஆறு மாதம் கழித்து பம்ப் கசிந்தால் இதே வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டும், நனைந்த பெல்ட்டும் வீண். ஆனால் இதை வீட்டில் செய்யச் சொல்ல மாட்டேன். கேமையும் கிராங்க்கையும் பூட்டும் பின்கள் வேண்டும், டீசல் பம்ப் சக்கரமும் அதே பெல்ட்டில் ஓடுகிறது.

தஞ்சாவூர்: குறியெல்லாம் எதற்கு சார்? பழைய பெல்ட்டிலும் சக்கரத்திலும் நெயில் பாலிஷ் வைத்து, அதே இடத்தைப் புது பெல்ட்டில் எண்ணிக் குறித்து மாட்டினால் முடிந்தது.

பழைய பெல்ட் சரியாக மாட்டப்பட்டிருந்தால் முடிந்தது. முன்பு மாட்டியவர் ஒரு பல் பிசகியிருந்தால் அந்தப் பிசகையும் சேர்த்து நகல் எடுப்பீர்கள். கம்பெனிக் குறியில் நிறுத்தி, கூடுதலாக நெயில் பாலிஷ் வையுங்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

திருச்சி: நானும் மெக்கானிக்தான். பழைய பெல்ட்டை நடுவில் நீளமாக அறுத்து, பாதி இருக்கும்போதே புது பெல்ட்டைப் பாதி ஏற்றி, மீதியை வெட்டி எடுத்துவிட்டு முழுவதும் தள்ளிவிடுவோம். குறியே பிசகாது. என்ன தவறு?

குறி பிசகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அண்ணே, டென்ஷனரை எப்போது மாற்றினீர்கள்? பெல்ட் அங்கேயே இருக்க டென்ஷனரையும் ஐட்லரையும் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரம்) கழற்ற வழியில்லை. கேம் தண்டின் ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்க முடியாது. இறுக்கமான பெல்ட்டைப் பக்கவாட்டில் நெம்பித் தள்ளும்போது ஓரமும் நசுங்கும்.

அதே திருச்சி: வாடிக்கையாளர் பெல்ட்டுக்கு மட்டும்தான் காசு தருகிறார். நான் என்ன செய்ய?

உங்கள் சங்கடம் புரிகிறது. அவரைக் கூப்பிட்டுப் பழைய டென்ஷனரை அவர் காதருகே சுற்றிக் காட்டுங்கள். வால்வு வளைந்தால் ஹெட் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று அதே இடத்தில் சொல்லுங்கள். அப்போதும் வேண்டாம் என்றால், மாற்றவில்லை என்று பில்லில் எழுதிக் கொடுங்கள்.

தஞ்சாவூர்: அப்படியானால் என் முறையே அவருடையதைவிட மேல்!

ஆமாம், மேல்தான். டென்ஷனரை மாற்றியிருந்தால்.

புதுச்சேரி: கிராங்க் புல்லி போல்ட் அசையவில்லை. போல்ட்டில் மாட்டிய நீள ராடைத் தரையில் முட்டுக் கொடுத்து ஸ்டார்ட்டரை ஒரு தட்டு தட்டினால் வந்துவிடும் என்கிறார்களே?

வேண்டாம். ராடு நழுவினால் கை போகும். பழைய பெல்ட் இருக்கும்போதே, ஐந்தாவது கியரில் போட்டு ஒருவரை பிரேக்கை அழுத்தி உட்காரச் சொல்லிவிட்டு, நீளமான பைப் போட்டு நெம்புங்கள். சக்கரம் கழற்றியிருந்தால் டிஸ்க் நழுவாமல் நட்டுகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

கரூர்: பெல்ட் பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது, மாற்ற வேண்டுமா?

நாமக்கல்: 12 வருடம் ஆகிறது, 40,000தான் ஓடியிருக்கிறது, பெல்ட் நன்றாக இருக்கிறதே?

இரண்டு பேரும் ஈரோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். நாமக்கல், நீங்கள் இந்த வாரமே மாற்றுங்கள்.

சென்னை: ஈக்கோஸ்போர்ட் 1.0 பெட்ரோல்?

அந்த பெல்ட் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது. வீட்டு வேலை இல்லை. கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறு ஊற்றாதீர்கள்.

வேலூர்: 2001 ஹோண்டா சிட்டி. கிராங்க்கை எந்தப் பக்கம் சுற்றுவது?

நல்ல கேள்வி. பெரும்பாலான எஞ்சின்கள் புல்லி பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள் திசை. அந்தக் காலத்து ஹோண்டா நேர் எதிர். தவறான திசையில் சுற்றினால் தொய்வு டென்ஷனர் பக்கத்திலிருந்து மாறி பெல்ட் பல் தாண்டலாம். கேம் போல்ட்டைப் பிடித்து ஒருபோதும் சுற்றாதீர்கள், எப்போதும் கிராங்க்கில்தான்.

கும்பகோணம்: போன வாரம் நானே மாற்றினேன். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐட்லிங்கில் உதறுகிறது, இழுவை இல்லை. ஓட்டினால் பழகிவிடுமா?

பழகாது, ஓட்டாதீர்கள். ஒரு பல் தள்ளி நிற்கிறது என்றே நினைக்கிறேன். மேல் கவரைத் திறந்து, கையால் சுற்றி இரண்டு குறிகளையும் பாருங்கள். கீழே சரியாக இருந்து மேலே விலகியிருந்தால் அதுதான். மாட்டியபோது இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தீர்களா? படம் எடுத்து அனுப்புங்கள், மேல் குறி தெளிவாகத் தெரியட்டும்.